நாக்குக் கணக்கெடுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை கேன் வண்டி நரிமுனைக்குள் நுழைந்ததும் பேச்சித்தாய் நடுரோட்டில் போய் நின்றுகொண்டாள். வண்டிக்காரர் சேர்மக்கனி பிரேக்கை மிதித்தார்.

"என்ன தாயி, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"சாவடிக்கத்தான பாக்கீரு. போன வாரம் என்ன தண்ணி ஊத்திட்டுப் போனீரு?"

"என்ன தண்ணின்னா? ஆத்துத் தண்ணி. மூடியில சீல் இருந்துச்சுல்லா."

"சீலையா குடிக்க? எம்மவளால வாயில வைக்க முடியல. கசக்குதுங்கா."

"இந்த வண்டித் தண்ணியத்தான் நாலு ஊருக்கு ஊத்துதேன். ஒருத்தரும் கசக்குதுன்னு சொல்லல."

"அவுகளுக்கு நாக்கு இருக்கோ இல்லையோ. எம்மவளுக்கு இருக்கு. மாத்திக் குடும்."

சேர்மக்கனி தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார். பாதி காலியான பழைய கேனை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாய்ப் பத்து லிட்டர் கேன் இரண்டு இறக்கினார். "எம் பிள்ளைகளும் இந்தத் தண்ணிதாம்மா குடிக்கி. பழி போடாத."

சுகந்தி வாசற்படியில் நின்றுகொண்டு, "விடும்மா, தெரியாமச் சொல்லிட்டேன்" என்றாள். அவள் குரல் யார் காதிலும் விழவில்லை. தாயார் சண்டையில் ஜெயித்த வேகத்தில் ஒரு கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய ஒரு வாரக் கூலியில் இரண்டு நாள் அந்தக் கேன்களுக்குப் போகிறது. கசந்தால் சண்டை போடாமல் என்ன செய்வாள்?

நரிமுனையில் மற்றவர்களுக்குக் கேன் தேவையில்லை. உப்பளத்தில் வேலை பார்க்கும் நூற்றுச் சொச்சம் பேருக்கும் வலது கிட்னிக்குப் பக்கத்தில் ஒரு சல்லடை இருக்கிறது. நெல்லிக்காய் அளவு. கம்பெனி டாக்டர்கள் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். சல்லடை என்பது ஊர் வைத்த பெயர். அது உள்ளே இருந்தால் போர் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். கையில் பட்டுக் காய்ந்தால் வெள்ளை பூக்கிற தண்ணீர். சல்லடை அதிலிருக்கும் உப்பைப் பிடித்து மூத்திரத்தில் தள்ளிவிடும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கம்பெனி அதை இலவசமாய் வைக்க வந்தபோது பெண்கள் அழுதுவிட்டார்கள். சந்தோஷத்தில்தான். அதுவரை மூன்று நாளைக்கு ஒரு லாரி வரும். குடத்தை வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் நிற்க வேண்டும். பெரிய மனுஷியான பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் குடத்துக்குக் காவல் நின்றார்கள். லாரி வராத வாரம் போர் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆம்பிளைகள் கல்லடைப்பில் தரையில் உருண்டார்கள். சல்லடை வந்ததும் எல்லாம் தீர்ந்தது என்றுதான் நினைத்தார்கள்.

முதலில் லாரி நின்றது. லாரி வேண்டுமா வேண்டாமா என்று அதிகாரிகள் கையெழுத்து வாங்கியபோது பாதிப் பேர் வேண்டாம் என்றும் பாதிப் பேர் வேண்டும் என்றும் போட்டார்கள். ஊருக்குள் ஒற்றுமை இல்லை என்று எழுதிக்கொண்டு லாரியை நிறுத்திவிட்டார்கள். அடுத்து, குடத்தோடு நின்ற அந்த நாலு மணி நேரமும் உப்புப் பாத்திக்குப் போனது. இப்போதுதான் தண்ணிக்கு நிற்க வேண்டாமே, சீக்கிரம் வாருங்கள் என்றான் மேஸ்திரி. கூலி அதே கூலி. மிச்சமான நேரம் யாருக்கு மிச்சம் என்று சல்லடை வைத்த அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை.

மூன்றாவதாய்த் தெரிந்ததுதான் பெரிய விஷயம். வெளியூர் போக முடியாது. நல்ல தண்ணீரைக் குடித்தாலும் சல்லடை சும்மா இருக்காது. தண்ணீரில் உப்பு இல்லையென்றால் ரத்தத்திலிருந்து எடுத்து வெளியே தள்ளும். கல்யாணம் கருமாதி என்று போகிறவர்கள் இரண்டு பாட்டில் போர் தண்ணீர் கொண்டுபோவார்கள். உப்பைக் கரைத்துக் குடித்தால் இன்னும் நாலைந்து நாள் ஓட்டலாம். போரில் இருப்பது வெறும் உப்பு மட்டுமில்லை என்பதால் அதற்கு மேல் உடம்பு ஏமாறாது.

பேச்சித்தாயின் புருஷன் சுயம்பு ஐந்து வருஷத்துக்கு முன்னால் அப்படி ஏமாற்றப் பார்த்தவன். "இங்கனயே கெடந்து உப்பாப் போகவா?" என்று திருப்பூருக்குச் சாயப்பட்டறை வேலைக்குப் போனான். பதினோராவது நாள் செத்துப்போனான். மாரடைப்பு என்று சீட்டு எழுதினார்கள். உடம்பை வாங்கப் போன பேச்சித்தாயும் ஆஸ்பத்திரி வராந்தாவில் மயங்கி விழுந்தாள். அங்கிருந்த டாக்டர் ஒருத்தர்தான் விஷயத்தைச் சொன்னார்.

"எடுத்துப் போட்ருங்க டாக்டர் அந்தச் சனியன."

"எடுத்தா நீங்க பொழைக்க மாட்டீங்கம்மா. உங்க கிட்னி வேலையையே மறந்துருச்சு. அது மட்டுமில்ல, உங்க நாக்கும் இப்ப உங்களோடது இல்ல."

அவர் இரண்டு டம்ளரை நீட்டினார். பேச்சித்தாய் குடித்தாள். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. ஒன்றில் கை நிறைய உப்புப் போட்டிருப்பதாக அவர் சொன்னார். பிறகும் என்னவோ நாக்கைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். புருஷன் பிணவறையில் கிடந்தான். எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

ஊருக்கு வந்து அதை யாரிடமும் சொல்லவில்லை. உப்பளத்துக்காரிக்கு நாக்குதான் மரியாதை. பாத்தியில் விரலைத் தொட்டு நக்கிவிட்டு இருபத்திமூணு டிகிரி, நாளைக்கு உப்பு விழும் என்று சொல்லத் தெரிந்தவர்கள். ருசி செத்தது தெரியாமல், போர் தண்ணீர்தான் வருஷத்துக்கு வருஷம் தெளிந்துகொண்டு வருகிறது என்று பேசிக்கொண்டார்கள். அவளும் தலையாட்டிவிட்டாள்.

ஆனால் அன்றைக்கே ஒன்றை முடிவு செய்தாள். சுகந்தி உடம்பில் அது ஏறக் கூடாது. பதினாறு வயது வரை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தினம் இரண்டு பாட்டில் நல்ல தண்ணீர் உண்டு. பதினாறு முடிந்த அன்றைக்குப் பாட்டில் நிற்கும், மறுநாள் சல்லடைக்குக் கூப்பிடுவார்கள். பேச்சித்தாய் கூப்பிட்ட ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு கேன் வாங்க ஆரம்பித்தாள். காலை ஷிப்டு முடிந்து, மதியம் பாத்தி மிதிக்கவும் போனாள். குதிகாலில் வெடிப்பு விரல் நுழையும் அளவுக்கு ஆனது. சுகந்திக்கு இப்போது பதினேழு. கோயம்புத்தூர்ப் பக்கம் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனி மாதம் ஹாஸ்டலில் சேர வேண்டும். இன்னும் ஒரு மாதம்தான்.

*

வைகாசியில் ஞானதுரை வந்தார். குடிநீர்த் திட்டத்தில் கணக்கெடுப்பவர். அறுபதைத் தொட்ட ஆள், கழுத்தில் ஈரத்துண்டு. மறுநாள் அங்கன்வாடிக்கு வரவேண்டியவர்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டினார். ஆற்றுத் தண்ணீர் குழாய் இரண்டு மைல் தூரம் வரை வந்துவிட்டது. நரிமுனைக்குத் திருப்புவதா நேராகக் கொண்டுபோவதா என்பதுதான் கேள்வி.

"இதுல கேக்க என்ன சார் இருக்கு?" என்றாள் பேச்சித்தாய். "எங்க தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சு மிசின்ல வச்சுப் பாருங்க. உப்புன்னு அதுவே சொல்லும்."

"வச்சாச்சும்மா. உப்புதான்னு சொல்லிருச்சு."

"பொறவென்ன?"

"சட்டம் மாறிப்போச்சு. தண்ணி கெட்டதா இல்லையான்னு இப்பல்லாம் தண்ணியப் பாத்துச் சொல்றதில்ல. குடிக்கிற ஆளப் பாத்துச் சொல்றது. உங்க எல்லாருக்கும் சல்லடை இருக்கு. உங்களுக்கு இது நல்ல தண்ணின்னு கம்பெனிக்காரன் எழுதிக் குடுத்திருக்கான்."

"அப்ப நாங்க என்ன செய்யணும்?"

"நாளைக்கு ரெண்டு கப் வைப்பேன். ஒண்ணு நீலம், ஒண்ணு வெள்ளை. ஒண்ணுல ஆத்துத் தண்ணி, இன்னொண்ணுல உங்க போர் தண்ணி. வாடை தெரியாம வடிகட்டி, ஐஸ்ல வச்சுக் கொண்டாருவேன். எது வேணும்னு நீங்க கை காட்டணும். ஆத்துத் தண்ணியக் காட்டினாத்தான் உங்களுக்கு அது தேவைன்னு அர்த்தம்."

"எத்தன பேரு காட்டணும்?"

"அதச் சொல்லக் கூடாதும்மா. சொன்னா என் வேலை போயிரும்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "எனக்கும் பிடிச்சா செய்யுதேன்?"

பேச்சித்தாய் அங்கேயே நின்றாள். நூற்றுப் பதினெட்டுப் பெயர். நூற்றுப் பதினேழு செத்த நாக்கு. இனி சொல்லாமல் இருக்க முடியாது.

*

பதினொரு மணிக்குப் பாத்தி ஓரக் கொட்டகையில் கஞ்சிக்கு உட்காரும் நேரம். பேச்சித்தாய் இரண்டு பாட்டிலை எடுத்து மரியபுஷ்பத்தின் முன்னால் வைத்தாள். டிகிரி பார்க்கிற கண்ணாடி உடைந்துபோனால் மேஸ்திரி கூப்பிடுவது மரியபுஷ்பத்தைத்தான். ஊரிலேயே பெரிய நாக்கு, பேச்சிலும் அப்படித்தான்.

"மைனி, இதுல ஒண்ணு கேன் தண்ணி. ஒண்ணு போர். எதுன்னு சொல்லுங்க."

"ஏட்டி, என்னையப் பரீட்சைக்கு உக்கார வைக்கியா? உம் மாப்பிள்ளைக்குப் பெண் பாக்க வந்தப்பவே உன் ரசத்தக் குடிச்சிட்டு இது தேறாதுன்னு சொன்ன நாக்குட்டி இது."

எல்லோரும் சிரித்தார்கள். மரியபுஷ்பம் ஒரு மடக்குக் குடித்தாள். அடுத்ததிலும் குடித்தாள். "இதான் கேன்."

"அது போர்."

"போடி, பொய்க்காரி. கொண்டா இன்னொரு தடவை."

பேச்சித்தாய் முதுகைக் காட்டி நின்று பாட்டிலை மாற்றி மாற்றி ஆறு தடவை கொடுத்தாள். மூன்று சரி, மூன்று தப்பு. நாலாவது தடவையே சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொருத்தியாய் வந்து வாங்கிக் குடித்தார்கள். கடைசியில் மரியபுஷ்பம் பாத்திக்குள் இறங்கி, விரலைத் தொட்டு நக்கிப் பார்த்தாள். இன்னொரு பாத்தி. இன்னொன்று.

"அப்ப இத்தன வருஷமா நான் சொன்ன டிகிரி?"

"கையில ஒட்டுற பிசுபிசுப்ப வச்சுச் சொல்லியிருப்பீக. நாக்கு இல்ல."

"யாரு சொன்னா உனக்கு?"

"திருப்பூர் டாக்டரு. அவுக செத்தப்ப."

"அஞ்சு வருஷம் வயித்துல வச்சிருந்தியாக்கும்." மரியபுஷ்பம் எச்சிலைத் துப்பினாள். "நல்லா இருப்ப."

பிறகு அவளே கேட்டாள். "நாளைக்கு என்ன செய்ய? ஆளுக்கு ஒண்ணச் சொன்னா ஒத்துமை இல்லன்னு எழுதிட்டுப் போயிருவான். லாரிக்கு அப்பிடித்தான செஞ்சான்."

"சுகந்திக்குச் சல்லடை இல்ல. பட்டியல்ல பேரு இருக்கு. அவ மொதல்ல போவா. நீலம் நல்ல தண்ணின்னா வெளிய வரும்போது தலையில துணியப் போட்டுக்கிடுவா. வெள்ளைன்னா சும்மா வருவா. அவ சொன்னதையே ஊரு பூராவும் சொல்லணும். ஒருத்தர் மாத்தக் கூடாது."

"ஆம்பிளைகளும்?"

"குடிச்சிட்டு வாரவனையும் நீங்க பாத்துக்கிடணும் மைனி."

"அத நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் மரியபுஷ்பம். நாக்கு போனாலும் குரல் போகவில்லை.

சாயங்காலம் பேச்சித்தாய் மகளிடம் சைகையை மட்டும் சொன்னாள். நாக்கு விஷயத்தைச் சொல்லவில்லை. அம்மாவுக்கு ருசி செத்துப்போச்சு என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை.

"நான் எதுக்கும்மா மொதல்ல?" என்றாள் சுகந்தி. முகம் வெளுத்திருந்தது.

"நாங்கல்லாம் கண்டதயும் குடிச்சவளுக. நீ நல்ல தண்ணி குடிச்சு வளந்தவ. உனக்குத் தெரியும்லா."

சுகந்தி என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். பேச்சித்தாய் அதற்குள் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

*

அங்கன்வாடிக் கட்டடத்துக்கு ஒரே வாசல். வெளியே வேப்பமரத்தடியில் ஊர் உட்கார்ந்திருந்தது. கம்பெனி அரை நாள் விடுப்புக் கொடுத்திருந்தது, அதுவே பேச்சித்தாய்க்குப் பயமாக இருந்தது.

சுகந்தி உள்ளே போனாள். சீக்கிரம் வந்துவிடுவாள் என்று நினைத்தார்கள். வரவில்லை. மரியபுஷ்பம் பேச்சித்தாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சுகந்தி வாசலில் வந்து நின்றாள். வெயிலைப் பார்த்தாள். துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

நீலம்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாய் நடந்தது. மரியபுஷ்பம் போனாள், நீலம். அவள் புருஷன் தள்ளாடிக்கொண்டு போனான், நீலம். வாய் பேசாத சங்கிலிமாடன் உள்ளே போய் நீலக் கப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டானாம். பேச்சித்தாய் கடைசி ஆள். இரண்டு கப்பையும் குடித்தாள். ஒன்றும் தெரியவில்லை. நீலத்தைக் காட்டினாள். ஞானதுரை கையிலிருந்த கருவியில் அவள் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். அது ஒரு சத்தம் போட்டது.

"பதிவாயிருச்சு" என்றார். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே ஆட்கள் பேச்சும் சிரிப்புமாய் இருந்தார்கள். முதல் தடவையாக ஊர் ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கிறது. ஞானதுரை மீதித் தண்ணீரை மண்ணில் ஊற்றப்போனார். அப்போது கோமதி குடத்தோடு வந்தாள். ஏழு மாதத்துக்கு முன்னால் அம்பாசமுத்திரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்; ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். வயிற்றில் பிள்ளை இருந்தால் சல்லடை வைக்க மாட்டார்கள். பெயர் இன்னும் பிறந்த ஊர் அட்டையில்தான் இருப்பதால் பட்டியலிலும் இல்லை.

"சார், கொட்டாதீக. மீதி இருந்தா எனக்கு ஊத்துங்க."

அவர் தயங்கிவிட்டு இரண்டு கப்பையும் நீட்டினார். கோமதி நீலத்தை வாங்கி ஒரு வாய் வைத்தாள். உடனே குனிந்து துப்பினாள். "இதென்ன, போர் தண்ணியக் கொண்டாந்திருக்கீக." வெள்ளையை எடுத்தாள். நிறுத்தாமல் குடித்தாள். கப்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். "எங்க ஊருத் தண்ணி மாதிரி இருக்கு. சுகந்தி எனக்கு ஊத்துற கேன் தண்ணி மாதிரி."

மரத்தடியில் பேச்சு ஒவ்வொரு பக்கமாய் அணைந்தது.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள் பேச்சித்தாய்.

"என்னத்த மைனி?"

"சுகந்தி உனக்கு என்ன ஊத்துதா?"

கோமதிக்கு எதையோ உடைத்துவிட்டோம் என்று புரிந்தது. ஆனால் எதை என்று தெரியவில்லை. "கேன் தண்ணி. பொங்கலுக்கு முன்னால இருந்தே. அம்மாகிட்ட சொல்லாத அக்கா, நான் சமாளிச்சுக்கிடுதேன்னா. நீங்களும் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கீகன்னு நெனச்சேன். அதான் உங்களப் பாக்கும்போதெல்லாம் சிரிப்பேன்."

பேச்சித்தாய் ஞானதுரையிடம் ஓடினாள். "சார், மறுபடியும் வைங்க. தப்பாச் சொல்லிட்டோம்."

"முடியாதும்மா. மூடியாச்சு. இனி அஞ்சு வருஷம் கழிச்சுத்தான்."

"எத்தன பேரு சொல்லியிருக்கணும் சார்? இப்பவாவது சொல்லுங்க."

அவர் கருவியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "மூணுல ஒரு பங்கு. சல்லடை வச்ச மத்த ஊர்லயும் யாருக்கும் ருசி தெரியல. கண்ணை மூடிட்டு ஆளுக்கு ஒண்ணக் காட்டுனாக. பாதிக்குப் பாதி வந்துச்சு. அங்கல்லாம் குழாய் போய்க்கிட்டிருக்கு." பையைத் தோளில் மாட்டினார். "நூத்திப் பதினெட்டுப் பேரும் ஒண்ணாச் சொன்ன ஊரு இது ஒண்ணுதாம்மா. நான் என்ன செய்ய?"

*

சுகந்தி வீட்டுக்குள் சுவரோடு உட்கார்ந்திருந்தாள். பேச்சித்தாய் கதவைச் சாத்தினாள். மகளின் சட்டையை முதுகுப் பக்கம் தூக்கினாள். விரல் நீளத்துக்குத் தழும்பு. ஓரம் இன்னும் சிவப்பு.

"எப்ப?"

"மாசியில. கம்பெனி முகாம்ல."

"நான் ஒருத்தி இங்க காலு வெடிச்சு..." மகளின் தோளில் இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடிக்குக் கை எழவில்லை.

சுகந்தி அழவில்லை. "கோமதிக்காவுக்குக் குடிக்க ஒண்ணும் இல்லம்மா. பள்ளிக்கூட டீச்சர் வீட்ல தினம் ஒரு சொம்பு நல்ல தண்ணிதான் குடுப்பாக. நான் கேனை அவளுக்கு ஊத்திட்டுப் போர் தண்ணியக் குடிச்சேன். தை மாசம் கல்லடைப்பு வந்துச்சு. வயித்து வலின்னு சொன்னேன்லா, அதான். முகாம் டாக்டர் ரெண்டு வைத்தியம் சொன்னாரு. ஒண்ணு, தினம் நாலு லிட்டர் நல்ல தண்ணி. இல்லன்னா சல்லடை."

"அதுக்கு?"

"நல்ல தண்ணி எங்க இருக்கு?"

வெளியே யாரோ மரியபுஷ்பத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மரியபுஷ்பம் இரட்டிப்பாய்த் திருப்பித் திட்டினாள்.

"காலேசுக்கு எப்பிடிட்டி போவ? உங்கப்பா பதினோரு நாளு இருந்தாரு."

"ஒரு வருஷத்துக்குள்ளன்னா எடுத்துரலாம்னாங்க. எடுக்கதுக்கு முன்னால ஆறு மாசம் நல்ல தண்ணி குடிக்கணும், உப்பு மாத்திரையோட. புதுசா வச்சவங்களுக்கு அது தாங்குமாம். கிட்னி திரும்ப வேலைக்கு வந்துருமாம். பைப்பு வரப்போகுதுன்னு அப்பவே ஊர்ல பேசிக்கிட்டாங்கள்லா. அதத்தான் நம்பியிருந்தேன். காலேசுல ஒரு வருஷம் தள்ளிக் கேட்டு எழுதிப் போட்டுட்டேன்."

"பொறவு எதுக்கு நீலத்தக் காட்டுன?"

இதற்குத்தான் சுகந்தியின் உதடு கோணியது. "வெள்ளை கசந்துச்சும்மா. நீலம் நல்லா இருந்துச்சு. கசக்குறது கெட்ட தண்ணின்னு நெனச்சேன். கேன் தண்ணி கசக்குதுன்னப்பகூட, நம்ம நாக்குதான் சரியில்லையோன்னு எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. நீ போயி அண்ணாச்சிகிட்ட அம்புட்டுச் சண்டை போட்ட. அவரும் மாத்திக் குடுத்தாரு. அப்ப தண்ணிதான் கெட்டதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

பேச்சித்தாய் தரையில் உட்கார்ந்தாள். திருப்பூர் ஆஸ்பத்திரி வராந்தா அவள் கண்முன் வந்தது. பினாயில் நாற்றம், கையில் ஏற்றிய ஊசி, டாக்டரின் வாய். அன்று ஏறாத வார்த்தைகள் இப்போது ஒன்றொன்றாய் ஏறின. 'முதல்ல நல்ல தண்ணி கசக்கும்மா. சில மாசத்துக்குக் கசக்கும். கசக்குற வரைக்கும் கிட்னி உயிரோட இருக்குன்னு அர்த்தம், எடுத்துரலாம். அப்புறம் கசப்பு போயிரும். ரெண்டும் ஒண்ணாயிரும். அதோட முடிஞ்சுது.'

கசக்குதுங்கா என்று நடுரோட்டில் நின்று கத்தியது அவள்தான்.

"இப்பவும் கசக்குதா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"கசக்கட்டும். கசந்தாலும் குடிக்கணும். கேன் தண்ணிதான் குடிக்கணும். உப்பு மாத்திர நான் வாங்கியாரேன். கேட்டியா?"

"கோமதிக்காவுக்கு?"

பேச்சித்தாய் கேன்களைப் பார்த்தாள். இரண்டு கேன். ஒரு உடம்புக்கே அது பத்தாது. எழுந்து கேனைச் சாய்த்து ஒரு சொம்பு நிறைத்தாள். அதை எடுத்துக்கொண்டு கோமதி வீட்டுக்குப் போய் வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் திரும்பினாள். மறுநாள் அந்தச் சொம்பை முக்கால் மட்டும் நிறைத்தாள். அதற்கடுத்த நாளும் முக்கால்தான். அதற்குக் கீழே குறைக்க அவள் கை வரவில்லை.

குழாய் நரிமுனைக்கு இரண்டு மைல் தள்ளி நேராகப் போனது. பாத்தியில் நின்று பார்த்தால் தோண்டிப் போட்ட மண் சிவப்பாய்த் தெரியும். காலையில் ஷிப்டு, மதியம் மிதிப்பு, இடையில் மகளின் முகம். பேச்சித்தாய் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். கசக்குதா? சுகந்தி தினமும் முகத்தைச் சுளித்துக் காட்டினாள். அந்தச் சுளிப்பைப் பார்த்தால்தான் பேச்சித்தாய்க்குக் கஞ்சி இறங்கியது. ஆனி போனது. ஆடி போனது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேன் வண்டி வந்து வாசலில் நின்றது. இந்தத் தடவை பேச்சித்தாய் ரோட்டை மறிக்கவில்லை. சேர்மக்கனிதான் இறங்கி வந்தார். கையில் தனியாய் ஒரு கேன்.

"தாயி, அன்னைக்கு நீ போட்ட சத்தத்துக்கு எனக்குத் தூக்கம் போச்சு. பிளாண்டையே மாத்திட்டேன். புதுத் தண்ணி. ஏ பிள்ள, இங்க வா, குடிச்சுப் பாத்துச் சொல்லு."

சுகந்தி டம்ளரை வாங்கினாள். குடித்தாள். முகம் சுளிக்க மறந்துவிட்டாள். ஒரு நொடி. பிறகு அம்மா பார்ப்பதைக் கவனித்து, அவசரமாய் மூக்கைச் சுருக்கினாள்.

"என்ன, இன்னுமா கசக்கு?" சேர்மக்கனி பதறிப்போனார். "உண்மையச் சொல்லு பிள்ள. பொய் சொன்னா எம் பிழைப்பு போயிரும்."

சுகந்தி அவரைப் பார்த்தாள். வெயிலில் நின்ற மனுஷன், வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். காலி டம்ளரை அவரிடம் நீட்டினாள்.

"இல்ல அண்ணாச்சி. கசக்கல. ஒரு மாசமாக் கசக்கல."

"பாத்தியா தாயி!" சேர்மக்கனி தொடையில் தட்டிச் சிரித்தார். "நான்தான் சொன்னேன்லா, மாத்திட்டேன்னு. இப்பவாவது ஒத்துக்கிடுதியா?"

"ஒத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்றாள் பேச்சித்தாய். கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அடுத்த வாரத்துல இருந்து ஒண்ணு போதும். கோமதி வீட்ல எறக்கிருங்க."